பார்க்காத படத்துக்கு ஒரு மனு

கொல்லம் 1105, மாசி 20, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் தாள். இடது கடைவாய்ப் பல் வலி, கிராம்பு வைத்தும் கேட்கவில்லை.

இன்று தாலுகா கச்சேரி வாசலில் எழுதிய மனுக்கள்: கோழித் திருட்டு ஒன்று. வரப்பு வெட்டியது ஒன்று. மருமகனைக் காணவில்லை என்று ஒன்று. மூன்றாவதில் மாமியார்க்காரி மருமகனுக்காக அழவில்லை. அவன் கொண்டு போன வெண்கலச் செம்புக்காக அழுதாள். அதையும் சேர்த்து எழுதினேன்.

பூதப்பாண்டி முழுக்க ஒரே பேச்சு, பயஸ்கோப். குளச்சல் மீரான் சாகிப் அறுத்த வயலில் கூடாரம் அடித்திருக்கிறார். முந்தாநாள் முதல் ஆட்டம். படத்துக்குப் பேச்சு கிடையாது. திரைக்குப் பக்கத்தில் செல்லையா என்று ஒருவன் நின்று, யார் என்ன சொல்கிறார்கள் என்று உரக்கச் சொல்வான். ஆணுக்கு ஆண் குரல், பெண்ணுக்குப் பெண் குரல். கதை: பெரிய வீட்டு விதவைப் பெண் ஒருத்தி மறுபடியும் தாலி கட்டிக் கொள்வது.

மூன்று மணிக்கு ஆறுமுகம் பிள்ளை வந்தார். என் மனைவி பகவதியின் தம்பி, கோயில் கமிட்டிக்குத் தலை. (இனி ஆ.பி. அவர் பெயரை முழுதாக எழுதி மையைச் செலவழிப்பதில்லை என்று பல வருடம் முன்பே தீர்மானம்.) கூடவே மிஷன் பள்ளிக்கூடத்து ஞானமுத்து வாத்தியார். இருவரும் ஒரே பெஞ்சில்! தேர் வரும்போது சர்ச்சில் மணி அடித்தார்கள் என்று இவரும், மணி அடிக்கும்போது தேரைக் கொண்டு வந்தார்கள் என்று அவரும் ஆறு வருடமாக என்னிடம் மாறி மாறி மனு எழுதியவர்கள்.

"அத்தான், அந்தப் படத்த நிறுத்தணும். ஒரு மனு எழுதும்."

"படத்துல என்ன கொறவு?"

"தாலி அறுத்தவ தலையில பூ வச்சுக்கிட்டுத் தேர்வடம் பிடிக்காளாம். இது நாடா, காடா?"

வாத்தியார்: "எங்க உபதேசியார ஜெபத்துக்கு எடையில முறுக்கு திங்கவராட்டு காட்டியிருக்காம்."

"நீங்க ரெண்டு பேரும் பாத்தியளா?"

"சே! அத மனுசன் பாப்பானா?" இரண்டு குரலும் ஒன்றாக.

பேனாவை மூடினேன். "மனுவுக்க அடியில என்ன எழுதுவேன்? 'மேற்சொன்ன சங்கதிகள் நாங்கள் நேரில் கண்டறிந்தவை, சத்தியம்.' பாக்காத படத்துக்கு அத எழுதச் சொல்லுதீரா?"

"எல்லாரும் சொல்லுதாவளே அத்தான்."

"அப்ப எல்லாரையும் கூட்டிட்டு வாரும். அவங்க கையொப்பு போடட்டும்."

ஆ.பி. முகம் கறுத்தது. பார்க்க நன்றாக இருந்தது.

நான் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன். கச்சேரியில் தள்ளிப் போட்ட மனுக்களைக் கேட்டு வாங்கி வந்து, அதைப் பார்த்து எழுதி எழுதிப் படித்தவன். தள்ளுபடியானதில் படித்ததால் எதற்கெல்லாம் தள்ளுவார்கள் என்பது எனக்குப் பாடம். கேள்விப்பட்டதை வைத்து எழுதுகிற மனு நிற்காது. என் கையால் அப்படி ஒன்று இதுவரை போனதில்லை.

மாசி 21, செவ்வாய்

மேகம். மழை இல்லை. பல் கொஞ்சம் தேவலை.

விடிந்ததும் மீரான் சாகிப் வந்தார். ஆள் கண் தூங்காத முகம். கூடார லைசென்ஸ் தாசில்தார் கொடுத்தது. இங்கே நிறுத்தினால் அடுத்த ஊரிலும் நிறுத்துவார்கள், அதற்கடுத்த ஊரிலும்.

"அண்ணாச்சி, ஒம்ம கையெழுத்துல மனு போனா நிக்கும்ணு சொல்லுதாவ. எழுதாதேயும்."

"எழுதுவேன்."

"அய்யோ!"

"அவங்களுக்கும் சொல்லுகதுக்கு ஒண்ணு உண்டுல்லா? சொல்லட்டும். பெறவு நீரு வாரும். ஒமக்கும் எழுதித் தாறேன்."

"அண்ணாச்சி எந்தப் பக்கமாக்கும்?"

"வாயத் தொறந்து பேசுகவனுக்க பக்கம்."

புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். கொண்டு வந்த கருவாட்டைத் திருப்பிக் கொடுத்தேன், நாங்கள் சைவம் என்று. வெட்கப்பட்டார்.

அவருக்கு என் கதை தெரியாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் கோயில் கூட்டத்தில், கடைமடை வயலுக்குத் தண்ணீர் முறை பற்றிப் பேச எழுந்தேன். பன்னிரண்டு வாக்கியம் தயாரித்துப் போயிருந்தேன். நான்கு சொன்னேன். அப்போது முப்பத்து மூன்று வயது ஆ.பி., எல்லார் முன்னாலும், "அத்தான், இரியும்." ஊரே சிரித்தது. உட்கார்ந்து விட்டேன். மிச்சம் எட்டு வாக்கியம் இன்னும் மனப்பாடம்.

மாலையில் ஆ.பி.யும் வாத்தியாரும் படம் பார்க்கப் போயிருக்கிறார்கள். ஆள் தெரியக் கூடாதென்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு. மாசி மாதத்தில் தலையில் துண்டு போட்டவர்கள் ஊரிலேயே இவர்கள் இருவர்தான் என்பதால் வழியெல்லாம் கும்பிடு. பகவதி கிணற்றடியிலிருந்து கொண்டு வந்த செய்தி.

மாசி 22, புதன்

எழுதப் போகிற சங்கதியை நானும் பார்ப்பதுதான் முறை. மாலை முதல் ஆட்டத்துக்குப் போனேன்.

படம் எனக்குப் பிடிக்கவில்லை. காரணங்கள்:
கூடாரத்தில் மண்ணெண்ணெய் நாற்றம்.
அந்த உபதேசியார் முறுக்கு தின்னும் இடம் ரொம்ப நீளம்.
தேர்ச் சக்கரம் அட்டை. ஆடுகிறது.
மனு எழுதும் கிழவன் ஒருவன்.

இந்தக் கிழவனைப் பற்றித்தான். காதில் பேனா, கூன், மூக்குப்பொடி. பெண் வீட்டுக்கும் எழுதுகிறான், எதிர் வீட்டுக்கும் எழுதுகிறான், இரண்டு வீட்டிலும் வாழைப்பழம் தின்கிறான். அவன் திரையில் வந்ததும் கூடாரம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

"மனுப்பாட்டா! ஒம்மளத்தாம்வே எடுத்திருக்கான்!"

"பழம் எங்க பாட்டா?"

காது சுட்டது. நான் பொடி போடுவதில்லை. போன சித்திரையிலேயே விட்டாயிற்று. எழுந்து போகத்தான் கால் துடித்தது. போனால் நான்தான் அவன் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகும். கடைசி வரை இருந்தேன். பெண்கள் பக்கத்துப் பாய்த் தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு மற்றதையெல்லாம் மீறிக் கேட்டது. நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்த சிரிப்பு. தெரியாதா?

ஒரு இடம் மட்டும் சொல்ல வேண்டும். மாமனார் அந்தப் பெண்ணைப் பார்த்து, "நீ செத்தவ மாதிரி மூலையில கெட" என்கிறார். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். செல்லையா பெண் குரலில் கத்துகிறான்: "செத்தது அவர். நான் இல்லை." பாய்த் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பகவதி வாயை முந்தானையால் மூடிக்கொண்டே கஞ்சி ஊற்றினாள்.

"சிரிக்கணும்ணா சிரி."

"நானெங்க சிரிச்சேன்?" கஞ்சி பாதி தரையில்.

என் ஆசையைச் சொன்னால், அந்தக் கிழவன் வரும் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மற்றதை ஓட்டலாம். இப்படி ஆளாளுக்கு ஒரு துண்டு. ஆ.பி.க்குத் தேர், வாத்தியாருக்கு முறுக்கு, எனக்குக் கிழவன். மிச்சம் இருப்பது வெள்ளைத் துணிதான். அதைப் பார்க்க ஆளுக்கு ஒரு சக்கரம் காசு எவன் கொடுப்பான்? கிழவன் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குப் பிடிக்கவில்லை என்பதை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவன் வருவதை நிறுத்து என்று சொல்ல மாட்டேன்.

மாசி 23, வியாழன்

நல்ல வெயில். பல் வலி போயே போயிற்று.

ஆ.பி. வீட்டில் மனு எழுத்து. ஏழு குற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் சாட்சியாக, கூடாரத்தில் காதில் விழுந்த வார்த்தை அப்படியே. அப்படி எழுதினால்தான் பிடிமானம். என் வழக்கப்படி ஒப்பு போடுகிறவர்கள் காதில் விழ மூன்று தடவை உரக்க வாசிப்பு. படித்தவரானாலும் சரி. கண் ஓடிவிடும், காது ஓடாது.

ஐந்தாம் குற்றத்தில் தகராறு.

வாத்தியார்: "'செத்தது அவராக்கும்'ணுல்லா சொன்னான்."

ஆ.பி.: "இல்லவே. நான் கேட்டேன். 'செத்தது அவர்'. பெறவு ஒரு நிறுத்து. பெறவு 'நான் இல்லை'. அந்த நிறுத்துலதாம் திமிரு இருக்கு."

வாத்தியார்: "எங்க, சொல்லிக் காட்டும்."

ஆ.பி. எழுந்து நின்று, கையை நீட்டி, செல்லையா மாதிரியே சொன்னார். ஐந்தாறு தடவை. தடவைக்குத் தடவை நன்றாக வந்தது. இவ்வளவு திறமை அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

அப்போதுதான் உள் கதவு இடுக்கில் ஒரு கை மோர்ச் செம்பைத் தரையில் வைத்தது. வளையல் இல்லாத கை. பொன்னம்மை, ஆ.பி.யின் மகள். கல்யாணமாகி மூன்றாம் மாதம் காய்ச்சலில் மாப்பிள்ளை போனான். ஆறு வருடமாகிறது. இப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். முற்றத்துக்குக்கூட வருவதில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்றே மறந்து போயிற்று.

ஆ.பி. கையைத் தாழ்த்தினார். வாத்தியார் வெளியே வெற்றிலை துப்பப் போன நேரம் மெல்லச் சொன்னார்: "ஒமக்குத் தெரியாதா அத்தான். வீட்டுல ஒருத்தி இருக்கா. ஊரு முழுக்க அந்தப் பேச்சு நடந்தா, அவ எப்படி இருப்பா?"

மோரைக் குடித்தேன். உப்பு அளவாக இருந்தது.

மாலை மீரான் சாகிப்புக்கு எதிர் மனு. மதராஸில் பார்த்து முத்திரை போட்ட படம், பிடிக்காதவர் பார்க்காமல் இருக்கலாம், பார்த்தவர் திட்டலாம், மற்றவர் கண்ணைக் கட்ட யாருக்கும் அதிகாரம் இல்லை. நான்கு பக்கம். மீரான் சாகிப், "இரண்டு பக்கம் போதாதா அண்ணாச்சி?" என்றார். போதாது என்றேன்.

பகவதி விளக்கேற்றிக்கொண்டே: "படத்துல அந்தக் கெழவன் ரெண்டு பக்கமும் எழுதுகான்ணு சிரிச்சேன். இஞ்ச வந்து பாத்தா..."

"அவன் பழத்துக்கு எழுதினான்."

"நீங்க?"

"வாசியில, பிடிவாதத்துல எழுதுகேன்."

"அதுவும் உள்ளதுதாம்."

மாசி 24, வெள்ளி

விசாரணை. கச்சேரி வாசலில் திருவிழாக் கூட்டம். தாசில்தார் புதியவர், வடக்கே இருந்து வந்தவர், மலையாளம் கலந்த தமிழ். என் மனுவை வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். தலையை ஆட்டி ரசித்தார். எனக்கு உள்ளூரப் பெருமை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

"ஏழு குற்றமும் வார்த்தையாக்கும். படத்துக்கு வாய் இல்லியே. இதெல்லாம் பறைஞ்சது ஆரு?"

எல்லாரும் செல்லையாவைப் பார்த்தார்கள். செல்லையா தரையைப் பார்த்தான்.

உத்தரவு: படம் முத்திரை உள்ளது, ஓடலாம். செல்லையா என்பவன் கூடாரத்தில் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் லைசென்ஸ் ரத்து.

இரண்டு கட்சிக்கும் நல்லது செய்ததாக அவருக்குச் சந்தோஷம். எதிர் மனுவின் நான்காம் பக்கம் வரை அவர் வரவே இல்லை.

செல்லையா என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். நாற்பது வயது ஆள். "எனக்கு வேற தொழிலு தெரியாது பாட்டா. வாயிதாம்." படத்தைக் காப்பாற்றப் பார்த்தேன். வாயைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வார்த்தையும் அட்சரம் பிசகாமல் எழுதிக் கொடுத்தது யார்? என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல மனு எழுதினதில்லை. சனியன்.

கச்சேரியில் உத்தரவுக்கு நகல் எடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. மூன்று பிரதி. கை வலி.

மாசி 25, சனி

வெயில். ஆட்டம் உண்டு என்று மீரான் சாகிப் தமுக்கு. இரண்டு நாளாக மனு சாக்கில் பார்த்தவர், பார்த்ததைச் சரிபார்க்கப் பார்த்தவர், விசாரணையில் கேட்டு ஆசைப்பட்டவர் எல்லாருமாகக் கூட்டம்.

மத்தியானம் பகவதி: "நான் பொன்னம்மையக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒனக்க தம்பி?"

"அவன் செல்லையா வாயக் காவல் காக்க இப்பமே கூடாரத்துக்குப் போயாச்சு. வீட்டுல தடுக்க ஆரு இருக்கா? நான் அவளுக்கு அத்தையாக்கும்."

வேண்டாம் என்றாலும் கேட்கிறவள் இல்லை.

கூடாரத்தில் எனக்கும் வாத்தியாருக்கும் நடுவில் ஆ.பி. செல்லையா திரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான், பழக்க தோஷம். படம் தொடங்கியது. மெஷின் சத்தம் மட்டும். திரையில் ஆட்கள் வாயை அசைக்கிறார்கள், ஒன்றும் இல்லை. தண்ணீருக்கடியில் இருப்பது போல.

பின்னாலிருந்து ஒரு குரல்: "வாரும் சம்மந்தி, இரியும்!"

சிரிப்பு. அடுத்த வசனம் இன்னொருவன். பிறகு நாலு பக்கமும். மாமனாருக்கு ஒரு உழவன், வேலைக்காரிக்கு ஒரு மீசைக்காரன். உபதேசியார் வந்ததும் ஒருவன் ஏதோ தப்பாகச் சொல்ல, வாத்தியார் பொறுக்காமல் எழுந்தார்: "அது இல்லவே! 'கர்த்தர் மன்னிப்பாராக, இன்னும் ஒரு முறுக்கு'ண்ணுல்லா செல்லையா சொன்னான்!"

ஆ.பி. அவரைப் பார்த்த பார்வை!

"தப்பாட்டு சொன்னா கேட்டுட்டு இருக்க முடியல்ல பிள்ளை" என்று உட்கார்ந்தார்.

ஆ.பி. எழுந்து கத்தினார்: "உத்தரவு உண்டு! ஆரும் பேசப்பிடாது!"

"உத்தரவுல செல்லையாண்ணு ஒரு பேருதாம் உண்டு" என்றேன். "மூணு நகல் எடுத்தவன் நானாக்கும்."

அந்தச் சமயம் மனு எழுதும் கிழவன் திரையில். "பாட்டா! பாட்டா!" என்று கூடாரமே கூப்பிட்டது. சரி என்று எழுந்து நின்று அவன் வசனத்தை நானே சொன்னேன். சட்டப்படி பிழையாக இருந்த இரண்டு இடத்தைத் திருத்திச் சொன்னேன். கைதட்டல். எவனோ ஒருவன் பழம் ஒன்றை என் மடியில் போட்டான். தின்றேன்.

பிறகு அந்த இடம். மாமனாருக்குப் பேசிய உழவன் சொன்னான்: "நீ செத்தவ மாதிரி மூலையில கெட." திரையில் அந்தப் பெண் நிமிர்ந்தாள். வாய் அசைந்தது. யாரும் சொல்லவில்லை. மீசைக்காரன்கூட. விளையாட்டாகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பாய்த் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்ல:

"செத்தது அவர்."

ஒரு நிறுத்து. ஆ.பி. தன் வீட்டில் நின்று சொல்லிக் காட்டிய அதே நிறுத்து.

"நான் இல்லை."

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆ.பி.க்கு எனக்கு முன்பே. அவர் கை என் தோளை இறுகப் பிடித்தது.

முன்வரிசையில் ஒருவன் திரும்பி, "ஆருட்டி அது? வாயப் பொத்திக்கிட்டு இரி!" என்றான்.

ஆ.பி. எழுந்தார். தடுப்புப் பக்கம் போய் இழுத்துக்கொண்டு போவார் என்றே நினைத்தேன். முன்வரிசைக்காரனைப் பார்த்துச் சொன்னார்: "எனக்க மவளாக்கும். சொல்லட்டும்வே."

உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணின் வசனம் முழுக்கப் பொன்னம்மைதான். கதவுக்குப் பின்னால் நின்று அவள் கேட்ட எங்கள் மனுவில் அந்தப் பெண்ணின் வசனம் ஐந்தாறு வரிதான். அவள் படம் பார்த்தவள் இல்லை. அது தீர்ந்த பிறகும் நிறுத்தவில்லை. திரையில் வாய் அசையும்போதெல்லாம் தனக்குத் தோன்றியதைச் சொன்னாள். செல்லையா கைகட்டி நின்று வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மாசி 26, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காப்பி.

எட்டு மணிக்கு ஆ.பி. வந்தார். பகவதி காப்பி வைத்துவிட்டு உள்ளே போன பிறகு:

"நேத்து அவ கடைசியில, தேர்வடத்தப் பிடிச்ச எடத்துல, என்னமோ சொன்னா. எனக்குச் செரியாட்டு கேக்கல்ல அத்தான். ஒமக்குக் கேட்டுதா?"

கேட்டது. "'எனக்கும் வெயில்ல நிக்கணும்'ணு சொன்னா."

காப்பி ஆறியது. குடிக்கவில்லை.

"இன்னைக்கும் ஆட்டம் உண்டா?"

"உண்டு."

"அப்ப அக்காட்ட சொல்லும், அவளக் கூட்டிட்டு நேரத்தோட போகணும்ணு. முன்னால எடம் கிட்டும்."